நரகத்தின் பட்டா

முதலில் தீத்துவிடமிருந்து வேதவாசிப்பைப் பிடுங்கினார் சபை மூப்பர் அருமைநாயகம். அடுத்து ஓய்வுநாள் பள்ளியைப் பிடுங்கினார். மூன்றாவதாக, அவன் பிழைப்பான கோயில் மணிக்கயிற்றுக்கே கை நீட்டினார். மணியடிக்கிறவன் சொல்லும் வேத விளக்கத்துக்குக் கூட்டம் சேருகிறதே என்ற வயிற்றெரிச்சல்தான்.

“கிரேக்கம் படிச்சவனாமே! கெஹென்னான்னா நரகம்ங்கிறியே, அது எங்கலே இருக்கு? காட்டு, இல்லேன்னா கயிறை விடு” என்றார் சபை நடுவே.

“எருசலேம் மதிலுக்கு வெளியேய்யா. இன்னோம் புத்திரரின் பள்ளத்தாக்கு, எபிரேயத்தில் கே-ஹின்னோம். ராஜாக்கள் அங்கே பிள்ளைகளை எரித்தார்கள். நரகத்துக்கு அந்த இடத்துக்காரன் பெயரே நிலைத்துவிட்டது.”

“இங்கே காட்டுலே!”

தீத்து ஜன்னலைத் திறந்தான். தெற்குப் பள்ளத்தில் எரியும் ஆஸ்பத்திரிக் குப்பையின் புகையில் சபையே இருமியது. அந்தப் பள்ளம் புறம்போக்கு என்றே மூப்பர் சாதித்து வந்தார்.

“இதற்கும் இடத்துக்காரன் உண்டுய்யா” என்று தீத்து பட்டா நகலைப் போதகரிடம் கொடுத்தான்.

போதகர் எல்லோர் முன்னும் உரக்க வாசித்தார்: “மாசிலாமணி மகன் அருமைநாயகம்.”