பந்து வெளியே போகாத ஞாயிற்றுக்கிழமை

கால்பந்தாட்டம் தொண்ணூறு நிமிடம் நடக்கும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையை உடனே களைய வேண்டும். வியாசர்பாடி எபினேசருக்கு அது நாற்பது விநாடி.

உள்ளூர்ப் பையன் ஒருவனைத் தொடக்கத்தில் இறக்கியே ஆக வேண்டும் என்பது லீக் விதி. கோடீஸ்வரர் தணிகைவேலின் அணியும் எபினேசரை இறக்கும். பந்து முதல்முறை எல்லைக்கோட்டைத் தாண்டி ஆட்டம் நின்றதும் அவனை வெளியே அழைத்துக்கொண்டு, பிரேசிலிலிருந்து வாங்கி வந்த கார்லோசை உள்ளே அனுப்பும்.

அந்த ஞாயிறும் தணிகைவேல் எச்சரித்தார். "பந்து வெளிய போன அடுத்த நொடி நீயும் வெளிய வந்துரணும். புரியுதாடா?"

"பந்து போகட்டும் சார். பின்னாலயே வந்துர்றேன்."

ஆட்டம் தொடங்கியது. எபினேசர் பந்தை வெளியே விடவே இல்லை. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பாய்ந்து பாய்ந்து மீட்டான். சொந்த அணியினரே எதிரணிக் கோலுக்கு அடித்த பந்தையும் ஓடிப்போய் மறித்தான்.

"டேய், அது நாம போடுற கோலுடா!" என்று அலறினார் தணிகைவேல்.

"கோல் விழுந்தாலும் கோட்டைத் தாண்டிருமே சார்!"

உள்ளே போகத் தயாராகக் கோட்டோரம் நாற்பத்தைந்து நிமிடம் நின்ற கார்லோசுக்கு, இடைவேளையில் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. மறுபாதியையும் எபினேசரே ஆடினான்.

அடுத்த ஆட்டத்துக்குக் கோட்டோரம் கார்லோசுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.