சேவல் களத்தில் பள்ளிக்கூடம்

கொம்பேறிப்பட்டி ஜமீனில் இருமல் காய்ச்சல் பரவியதும் முதல் பூட்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் விழுந்தது. காய்ச்சல் தணிந்த பிறகும், "முழுசாப் போகட்டும், திறக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார் ஜமீன்தார். ஆனால் அவருடைய சேவல் சண்டை மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை!

சண்டைச் சேவல்களை வளர்க்கும் வெயிலுகந்தானுக்குப் பொறுக்கவில்லை. "எசமான், பிள்ளைங்க எழுத்தையே மறந்துட்டுதுங்க!" என்றான்.

ஜமீன்தார் மீசையை முறுக்கினார். "நோய் அண்டாத இடம் ஒண்ணு காட்டுடா, உடனே பள்ளிக்கூடம் நடத்தலாம். காட்டலேன்னா ஊரைவிட்டே ஓடிப்போயிடணும்!"

மறுநாள் காலையில் பரிவாரத்தோடு சேவல் களத்துக்கு வந்த ஜமீன்தார் திகைத்து நின்றார். சேவல்கள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க, தள்ளித் தள்ளி முளையடித்துக் கட்டுவது வழக்கம். அன்றைக்கு முளைக்கு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது! "ஈரெட்டு பதினாறு!" என்று களமே அதிர்ந்தது.

"என்னடா இது?"

"எசமான் கேட்ட இடம்தான். நோய் அண்டுற இடமா இருந்தா, தினமும் ஊரையே கூட்டிக்கிட்டு இங்க வருவீங்களா?"

கூட்டம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. 'அண்டும்' என்றால் சண்டையை நிறுத்த வேண்டும். 'அண்டாது' என்றால் பள்ளிக்கூடத்தை நடத்த வேண்டும். இஞ்சி தின்ற குரங்காக விழித்தார் ஜமீன்தார்.

"சரி, நடக்கட்டும். என் சேவலுங்க எங்கடா?"

"பஞ்சாரத்துல பத்திரமா அடைச்சு வச்சிருக்கேன் எசமான். காய்ச்சல் முழுசாப் போகட்டும், திறக்கலாம்!"