முன்னுரிமை எண்

நான் தலைகுனிந்த கதை இது. அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

எங்கள் நூற்பாலையில் மையக் கணினியாக ஒரே ஒரு சர்வர். வாசலில் தொழிலாளர் வைக்கும் கைரேகை முதல் மேலாளரின் அறிக்கை வரை எல்லாம் அதில்தான் ஓடும். எது முந்த வேண்டும் என்பதை, ஒவ்வொரு வேலைக்கும் கொடுத்த முன்னுரிமை எண்ணைப் பார்த்து அதன் இயங்குதளத்தின் மையமான கெர்னல் முடிவு செய்யும். அந்த எண்ணை மாற்றத் தெரிந்தவள் ஒப்பந்தப் பணியாளர் செண்பகவல்லி மட்டுமே.

இயக்குநர்கள் வந்திருந்த அன்று மேலாளர் துரைசிங்கம் உறுமினார்: "என் அறிக்கைக்கு முன்னால எதுவும் ஓடக் கூடாது. முடியாதுன்னா நாளைக்கு வராதே."

"மத்ததெல்லாம் நின்னுடும் சார்."

"நிக்கட்டுமே!"

"அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க சார்."

கொடுத்தார். அவள் எண்ணை உச்சத்துக்கு ஏற்றினாள். உடனே திரை உறைந்தது. இயக்குநர்கள் பார்க்க, அவர் விசைப்பலகையைக் குத்தினார். "ஏன் அசைய மாட்டேங்குது?"

"நீங்க தட்டுற எழுத்தைக் கொண்டுவர்றதும் ஒரு வேலைதான் சார். உங்க உத்தரவுப்படி அது பின்னால நிக்குது."

இயக்குநர்கள் சிரித்துவிட்டார்கள். உத்தரவைப் படித்த மூத்தவர், "நாளைக்கும் வாம்மா" என்றார். தொழிற்சங்கச் செயலாளராக அங்கே இருந்த நான் பலமாகக் கைதட்டினேன்.

சர்வரை மறுபடி இயக்கிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "தோழர், இவருக்கு அடுத்த எண் உங்க சங்க உறுப்பினர் பட்டியலுக்கு. போன வாரம் நீங்க மிரட்டித்தான் ஏத்தினேன். கைரேகை கடைசியில கிடக்கு. வாசல்ல ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்க. என்ன செய்யட்டும்?"

"எங்களுடையதை இறக்கிவிடு."

நாற்பது ஆண்டு மேடையில் முழங்கிய குரல் அவளுக்குக் கேட்கவில்லை.

"என்ன தோழர்?"

மறுபடியும் சொன்னேன்.