கறுப்பு வட்டமும் கோசலையோட கிளியும்

ஒரு ஊர்ல ஒரு சுவர் இருந்துச்சு. ராஜாவும் இல்ல ராணியும் இல்ல, சுவர்தான். சிரிக்காதடா குட்டி. ம் கொட்டு, அப்பதான் கதை நகரும்.

"ம்."

கடலோரத்து ஊர் அது. கடலுக்குள்ள ரெண்டு பெரிய பாறை. நடுவுல ஒரு படகு நுழையிற சந்து. கொஞ்சம் தப்பினா, டமார்! பலகை பலகையா மிதக்கும். அந்தச் சந்து எங்கன்னு கண்டுபிடிக்கத்தான் மணல்மேட்டுல ஆனைத் தண்டிச் சுவர் கட்டி வச்சிருந்தாங்க. அதோட வடக்கு மூலையக் குறி வச்சு வந்தா, படகு நேரா சந்துக்குள்ள நுழையும்.

அந்த ஊர்ல ஒரு பழக்கம். வருசா வருசம் ஒவ்வொரு வீட்டுக்காரங்களும் அந்தச் சுவர்ல ஒண்ணு வரையணும். ஒரு வீடு மீன் வரைஞ்சா இன்னொரு வீடு மயில், அப்புறம் தாமரை, தேர், சங்கு. கோசலை அத்தை வீட்டுக் கிளியும் உண்டு. அத்தையோட மாமியா வரைஞ்சது. "என் கிளி மூக்கு மாதிரி எவளுக்காச்சும் வருமா?"ன்னு அத்தை தெருவெல்லாம் பீத்திக்கும். சுவர்ல விரல் வைக்க இடமில்ல.

அப்போ அஞ்சப்பன்னு ஒருத்தர், சுக்கான் பிடிக்கிறதுல கெட்டிக்காரர். போன மாசம் அவர் படகு பாறையில உரசிருச்சு, சர்ர்ர்க்! ஊரே பேசுது, "அஞ்சப்பனுக்குக் கண்ணு போச்சு." ஊர்ப் பெரியவர், அவரை நாட்டார்னு கூப்பிடுவாங்க, அவர் சொல்லிட்டார், "இன்னொரு தடவை இடிச்சா நீ சுக்கானைத் தொடக் கூடாதுப்பா." அஞ்சப்பன் தலையக் குனிஞ்சுக்கிட்டார். அவரே நம்பிட்டார், பாவம்.

ஆனா அவர் மக பூரணி நம்பல. அவ வாய் இருக்கே, சும்மா பட்டாசு! படபடபடன்னு வெடிக்கும்.

"எங்கப்பா ராத்திரியில ஊசி கோப்பாரு, கண்ணு போச்சாமே! நானே படகுல போயி பாக்குறேன்."

"பொட்டப்புள்ள படகுல ஏறக் கூடாதுடி," ன்னார் நாட்டார்.

"ஏன், ஏறுனா படகு அழுவுமா?"

அப்பா படகுலயே ஏறிட்டா. கடலுக்குள்ள போயி திரும்பிப் பாத்தா... சுவர் எங்க? மீனைக் காணோம், மயிலைக் காணோம். சேத்துத் தண்ணியக் கொட்டுன மாதிரி ஒரு அழுக்குத் திட்டு.

"எனக்கே தெரியலப்பா!"ன்னா. ம் கொட்டுடா குட்டி.

"ம்."

பூரணி சொன்னா, சாயம் மங்கிப் போச்சு, அதான். அப்புறம் மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம்னு எல்லாத்தையும் பளபளன்னு பூசுனா. ஊரே வாயப் பொளந்துச்சு. மறுபடி படகேறிப் பாத்தா, இன்னும் மோசம்! சந்தையில எல்லாரும் ஒரே நேரத்துல கத்துனா எவன் பேச்சு கேக்கும்? அந்த மாதிரி நிறமெல்லாம் சண்டை போட்டு, கடைசியில ஒரு பழுப்புதான் மிச்சம்.

சரி, ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக் கிடக்கு, பிரிச்சு விடுவோம்னு ஒவ்வொண்ணையும் சுத்திக் கோடு போட்டா. சரக், சரக், சரக். கிட்ட நின்னா அழகோ அழகு. கடல்லேந்து பாத்தா அந்தக் கோடு முடி மாதிரி. யாருக்குத் தெரியும் முடி?

பூரணிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அப்போ அப்பா சுக்கானைப் பிடிச்சுக்கிட்டே சொன்னார், "இந்தக் கோசலையப் பாரு, ஆட்டை அவுத்து விட்டுட்டா. மணல்ல நிக்குது."

"எந்த ஆடுப்பா?"

"கறுப்பாடும்மா. அங்க."

பூரணி பாத்தா. நீளமா வெள்ளை மணல். ஒண்ணுமே இல்லாத மணல். அதுல ஒரே ஒரு கறுப்பாடு, மொச்சக்கொட்டை அளவு. பளிச்சுன்னு தெரியுது!

"அப்பா! உன் கண்ணுக்கு ஒண்ணுமில்லப்பா! ஆனைத் தண்டிச் சுவர் தெரியல, ஆடு தெரியுதே!"

அதைச் சொன்னதும் அவளுக்குப் பொட்டுன்னு ஒண்ணு தட்டுச்சு. ஆடு பெருசா? இல்ல. அழகா? அதுவும் இல்ல. அதைச் சுத்தி வெறும் இடம் கிடக்கு. அதான்!

"ம்... அப்புறம் சித்தி?"

அப்புறம் அப்பா அடுத்த தடவை கடலுக்குப் போனாரா, ஊரு மீன் ஏலத்துல இருந்துச்சா, பூரணி அண்டா நிறைய சுண்ணாம்பைக் கரைச்சா. தேங்கா மட்டைய எடுத்தா. சளக், சளக், சளக்! மீன் போச்சு, மயில் போச்சு, தேர் போச்சு. கிளிகிட்ட வந்தப்ப கை நின்னுச்சு. நல்ல மூக்குதான், அவளுக்கே ஆசையா இருந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு, சளக்! என்ன தைரியம் பாரு அவளுக்கு!

சுவர் முழுக்க வெள்ளை. அப்புறம் படகுக்குப் பூசுற கீலை எடுத்து, கறுப்பா ஒரே ஒரு பெரிய வட்டம். அதையும் நடுவுல போடல, வடக்கு மூலையில போட்டா.

ஊரு ஓடி வந்துச்சு. கோசலை அத்தை தலையில அடிச்சுக்கிட்டா. "என் மாமியா வரைஞ்ச கிளிடி! பாவி! அடுப்புத் தோசைக்கல்லு மாதிரி என்னத்தையோ அப்பி வச்சிருக்கா!"

நாட்டார் கழுத்தைச் சாய்ச்சுப் பாத்தார். "கோணலா வேற கிடக்கு. நடுவுல வைக்கத் தெரியாதா உனக்கு?"

"சந்து சுவர் நடுவுக்கு நேராவா இருக்கு? வடக்கு மூலைக்கு நேரா இருக்கு. படகு போற இடத்துல வைக்காம, உங்க கண்ணுக்கு லட்சணமா வைக்கவா?"

"உங்கப்பன்கிட்ட சொன்னியா?"

அப்பதான் பூரணிக்கு உறைச்சுது. சொல்லல! அப்பா கடல்ல இருக்கார். அவருக்குத் தெரிஞ்சது பழைய சுவர். இது என்னன்னு யார் போயி அவருக்குச் சொல்ல?

நாட்டார் சொன்னார், "காலையில படகு வரட்டும். இடிச்சா உங்கப்பனுக்குச் சுக்கான் கிடையாது."

விடிஞ்சுது. மழை மூட்டம், காத்து ஊஊஊன்னு அடிக்குது. ஊரே கரையில. தூரத்துல அஞ்சப்பன் படகு, இலை மாதிரி ஆடுது. தெற்கால போகுது... ஐயோ, பாறைக்கு நேரா போகுது! பூரணி முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டா.

அப்போ படகு மூக்கு லேசா திரும்புச்சு. இன்னும் கொஞ்சம். வட்டத்துக்கு நேரா நின்னுச்சு. அலை தூக்குச்சு, சர்ர்ர்ருன்னு ரெண்டு பாறைக்கும் நடுவுல வழுக்கிக்கிட்டு உள்ள வந்துருச்சு! ஒரு கீறல் இல்ல.

அஞ்சப்பன் குதிச்சு இறங்குனார். "யார் செஞ்சது இது? இந்த மழையில, பேர் சொல்லி 'இங்க வா'ன்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே!"

ஊரு பூரணியப் பாத்துச்சு. நாட்டார் தன் தோள் துண்டை எடுத்து அஞ்சப்பன் தலையத் துடைச்சு விட்டார். அப்புறம் சொன்னார், "சுக்கான் உன்னோடதுதான்ப்பா. சுவரு அவளோடது."

கோசலை மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, "எல்லாம் சரி. என் கிளி?"

பூரணிக்கு நாக்கு நுனியில ஒரு குத்தல் பேச்சு வந்துச்சு. முழுங்கிட்டா. "அத்தை, உன் கிளி தள்ளி நின்னு வழி விட்டுச்சு. அதான் எங்கப்பா வீட்டுக்கு வந்தாரு."

கோசலை அந்த வெள்ளைச் சுவரை ஒரு தடவை திரும்பிப் பாத்தா.

அதுலேந்து வருசா வருசம் ஒவ்வொரு வீடும் ஒரு குடம் சுண்ணாம்பு கொண்டாரும். யாரும் எதுவும் வரையிறதில்ல. வெள்ளை மட்டும் பூசுவாங்க. கோசலை அத்தை மட்டும் கிளி இருந்த எடத்துல போய் நின்னுக்கிட்டு, "ஏய், தள்ளு! இது என் வெள்ளை! இந்த மாதிரி வெள்ளை எவளுக்காச்சும் வருமா?"ன்னு பீத்திக்கும்.

ம்?

ம் வரலையே. சரி. கதை கரை சேந்துருச்சு, நீயும் கண்ணை மூடிச் சேந்துரு.