வாக்ஓவர்

அருவிமேட்டு மடத்துக்கு வருவதற்கு முன் காத்தமுத்து பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கியாக இருந்தவர். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இனி சேணத்தில் ஏற முடியாது என்றான பிறகுதான் மலையேறி வந்தார். மடத்தின் தலைமையில் இருந்த சிவஞானத்தம்மை அவரைவிட வயதில் சின்னவர். அதனால் அவரை 'நீங்க' என்றுதான் சொல்வார். காத்தமுத்து அம்மையை 'அம்மா' என்பார்.

தலைமையில் இருப்பவர் கை கால் நன்றாக இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்பது மடத்து வழக்கம். அடுத்தவரைத் தேர்வு செய்யக் கேள்விக்கூடம் கூட்டுவார்கள். பொறுப்புக்கு நிற்பவர்கள் நடுவில் உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சாயங்காலம் சபை ஒருவர் பெயரைச் சொல்லும்.

இந்தத் தடவை காத்தமுத்துவும் மாசிலாமணியும் நின்றார்கள். மாசிலாமணி இளையவர், நல்ல பேச்சுக்காரர். அழுதுகொண்டு வந்தவர்கள் அவரோடு சற்று நேரம் பேசிவிட்டு முகம் தெளிந்து போவதைக் காத்தமுத்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தான் தோற்பது நிச்சயம் என்று நினைத்தார். அதில் அவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் காலையில் மாசிலாமணியின் அண்ணன் இறந்த செய்தி வந்தது.

"எல்லாம் சின்னச் சின்னப் பிள்ளைங்க, அண்ணே. இனி அதுகளுக்கு நான்தான். திரும்பி வரமாட்டேன்" என்று காத்தமுத்துவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

மத்தியானம் காய்கறி மூட்டையோடு வந்த தோட்டக்காரர் பெள்ளிராஜ் விஷயத்தைக் கேட்டார்.

"அப்புறமென்ன சாமி, உங்களுக்கு வாக்ஓவர்" என்று சிரித்தார்.

காத்தமுத்துவால் சிரிக்க முடியவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார். அம்மை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாளைக்குக் கேள்விக்கூடம் வேண்டாம்."

"ஏன்?"

"போட்டியே இல்லையே. நான் ஒருத்தன் நடுவுல உக்காந்திருந்தா பாக்கவே நல்லாயிருக்காது. பேரைச் சொல்லிட்டு, வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிடலாம்."

"பெள்ளிராஜ் என்னமோ சொல்லிச் சிரிச்சது இங்க வரைக்கும் கேட்டுச்சே."

"வாக்ஓவர்."

"அப்படின்னா?"

"எதிர்த்து நிக்க ஆளில்லாம ஜெயிக்கிறது. எலெக்‌ஷன், டென்னிஸ், எல்லாத்துக்கும் சொல்றாங்க. சும்மா கெடைச்சதுன்னு அர்த்தம்."

"உங்க தொழில்லயும் அதுதான் அர்த்தமா?"



"இல்லம்மா. வார்த்தையே ரேஸ்லேர்ந்து வந்ததுதான். மத்த குதிரையெல்லாம் விலகிட்டாலும், மிச்சமிருக்கிற குதிரை சும்மா ஜெயிச்சிட முடியாது. ஜாக்கி எடை பாத்துக்கணும். சேணம் பூட்டணும். திடல்ல இறங்கி, கம்பத்தைத் தாண்டிப் போகணும். ஓட வேண்டியதில்ல. நடந்தாப் போதும். அதான் வாக்ஓவர். நடந்து கடக்கிறது."

"கடக்கலேன்னா?"

"அந்தப் பந்தயத்துல யாரும் ஜெயிக்கலேன்னு ஆயிடும்."

"உங்களுக்கு அப்படி நடந்திருக்கா?"

"ஒரே ஒரு தடவை."

அம்மை தலை நிமிரவில்லை. கத்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காத்தமுத்து எதிரில் உட்கார்ந்தார்.

"இருமல் நோய் வந்து மத்த குதிரையெல்லாம் லாயத்துலயே நின்னுபோச்சு. என்னோடது மட்டும்தான். பவளக்கொடின்னு பேரு. முழுச் சுத்தும் வந்தாகணும்னுட்டாங்க. நாங்க திடல்ல இறங்கினப்போ ஜனமெல்லாம் டீ குடிக்கப் போயிட்டாங்க. மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போனேன். அந்தப் பக்கத்து வளைவுல மூடுபனி இறங்கியிருந்தது. உள்ள போனா முன்னால என்ன இருக்குன்னே தெரியல. திடீர்னு அவளே ஓட ஆரம்பிச்சுட்டா."

"நீங்க தட்டி விட்டீங்களா?"

"இல்லம்மா. நான் ஒண்ணுமே பண்ணல. அவ ஓடினா. அவ்வளவு வேகமா ஒரு நாளும் அவ ஓடினதில்ல. பாக்க ஒரு ஆள் இல்ல. எனக்கு மொதல்ல பயம். அப்புறம் கடிவாளத்தைத் தளர விட்டுட்டேன். கண்ணுலேர்ந்து தண்ணியா வந்தது. காத்தா, என்னான்னு தெரியல."

"அப்படியே கம்பம் வரைக்கும் ஓடிட்டாளா?"

"பனியை விட்டு வெளிய வந்ததும் நான்தான் இழுத்துப் பிடிச்சு நடக்க வச்சேன்."

"ஏன்?"

"தனியா இப்படி ஓடி வர்றானேன்னு பாக்கிறவங்க சிரிப்பாங்கன்னு."

அம்மை நறுக்கியதை அள்ளிச் சட்டியில் போட்டார்.

"நாளைக்குக் கூடம் உண்டு" என்றார்.

மறுநாள் காத்தமுத்து நடுவில் உட்கார்ந்தார். பக்கத்து மணை காலியாக இருந்தது. வந்தவர்கள் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். பூசை நேரம் பற்றி ஒருவர் கேட்டார். தண்ணீர்க் குழாய் பற்றி ஒருவர் கேட்டார். எப்படியும் இவர்தானே என்ற நினைப்பில் பலரும் பந்தி போடும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் ராக்காயி. அவள் மகன் காய்ச்சலில் இறந்ததை ஊரே அறியும்.

"சாமி, ராத்திரிக்குச் சோறு போடறப்போ இன்னமும் அவனுக்கு ஒரு தட்டு வைக்கிறேன். வீட்டுல திட்டுறாங்க. வைக்காம இருக்க எனக்குக் கை வரமாட்டேங்குது. நான் வைக்கலாமா, நிறுத்திடணுமா?"

காத்தமுத்து அவளையே பார்த்தார். மாசிலாமணி என்ன சொல்லியிருப்பார் என்று மனத்துக்குள் தேடினார். எத்தனையோ நல்ல வார்த்தைகள் வந்தன. எதையும் அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

ராக்காயி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டு மணி அடித்தது. ஒவ்வொருவராக எழுந்து பந்திக்குப் போனார்கள்.

காத்தமுத்து பந்திக்குப் போகவில்லை. அம்மையைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். அவர் பெரிய அண்டாவிலிருந்து ரசத்தை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சாயங்காலம் என் பேரைச் சொல்லச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"ராக்காயி கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. மாசிலாமணி இருந்திருந்தா அவங்களைத் தேத்தி அனுப்பியிருப்பான். ஆளில்லாத பந்தயத்துலயே நான் தோத்துட்டேன்."

அம்மை வாளியைக் கீழே வைத்தார்.

"ராக்காயி வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"இல்ல. கூடத்துலதான் உக்காந்திருக்காங்க. சாப்பிடவும் எந்திரிக்கல."

"தனியாவா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?" என்றார் அம்மை.