டோய்னா பந்திக்கு வந்த கதை

ஆடுமாடுங்க மனுஷனுக்கு வாய்க்கு வாய் பதில் சொன்ன அந்தக் காலத்துல, ருமேனியா மலையடிவாரத்துல மோத்கேன்னு ஒரு பிடில்காரன் இருந்தான். யூதருங்க கல்யாணத்துல வாசிக்கிற கிளெஸ்மர் கோஷ்டிக்கு அவன்தான் தலை. அவன் வில்லைத் தொட்டா செத்த காலும் ஆடும். அந்தத் திமிரு வேற.

ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போற வழியில, ஒனுஃப்ரேங்கிற இடையன் டோய்னான்னு ஒரு மலைப்பாட்டு பாடுறதைக் கேட்டான். இழுக்கிறான், இழுத்துக்கிட்டே இருக்கான், தாளமே காணோம். மோத்கேக்கு மண்டை குடைஞ்சுது. எங்கய்யா தாளத்துக்கு அடி விழும்னு கேட்டான். எனக்கென்ன தெரியும், முன்னாடி போகுதே கிழட்டுச் செம்மறி, அதைக் கேளுன்னுட்டான் இடையன்.

செம்மறி மென்னு முழுங்கிட்டுத்தான் பேசுச்சு. "தாளம் போட்டா காலு நடக்க ஆரம்பிச்சுடும். காலு நடந்தா வாய் எப்படி மேயும்? நான் முழுங்குறவரைக்கும் அவன் ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதான் எங்களுக்குள்ள பேச்சு."

"இதெல்லாம் ஒரு பாட்டா?"ன்னான் மோத்கே.

"உன் பாட்டைக் கேட்டு எவனாவது வயிறாரச் சாப்பிட்டிருக்கானா, பிடில்காரா?"

மோத்கே நடையைக் கட்டினான்.

கல்யாணப் பொண்ணு ஃப்ரூமா, அவங்க வழக்கப்படி விடிஞ்சதுலேருந்து பட்டினி. சடங்கு முடிஞ்சு பந்தியில உக்காந்தா. வாத்தியம் ஓயக்கூடாதுன்னு அவ அப்பா கண்டிப்பா சொல்லியிருந்தாரு. அவ கரண்டியைத் தூக்குவா, மோத்கே வாசிப்பான், கூட்டம் எழுந்து அவளையும் ஆட இழுத்துட்டுப் போயிடும். மூணு தடவை இப்படியே ஆச்சு. சூப்பு ஆறிப்போச்சு. மொகம் வெளிறி அவன்கிட்ட வந்தா.

"மோத்கே மாமா, இன்னொரு ஆட்டம்னா நான் விழுந்துடுவேன்."

அவன் அவளை உக்காரச் சொல்லிட்டு வில்லைத் தந்தியில வச்சான். ஒரே சுரம். இழுத்தான். எழுந்த கூட்டம் அடி விழும்னு காலைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு, விழவே இல்ல. ஒவ்வொருத்தரா உக்காந்தாங்க. ஆனா இழுத்துப் பழகாத கை இல்லையா, வில் நடுங்கி, அழுது விக்குற மாதிரி சுரம் உடைஞ்சுது. ஒருத்தரும் சிரிக்கல. பொண்ணோட அப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. மோத்கே பார்வை மட்டும் ஃப்ரூமா கரண்டியை விட்டு நகரல. அவ முழுங்குறவரைக்கும் இழுத்தான். ரெண்டாவது கிண்ணமும் காலி.

"இப்ப வாசிங்க மாமா, யாரு முதல்ல களைக்கிறாங்கன்னு பார்ப்போம்"னு எழுந்தா. வில்லு பாய்ஞ்சுது.

கிளெஸ்மர்காரங்க பந்தியில டோய்னா வாசிக்கிறதும், சுரத்துக்கு நடுவுல விக்குறதும், வாசிச்ச கையோட ஆட்டப்பாட்டுல குதிக்கிறதும் அன்னைக்குத் தொடங்கினதுதான்.