அஞ்சு தொட்டித் தோட்டம்

ஒரு ஊர்ல ஒரு மாடி வீடு. மாடி வீட்டுல ஒரு பால்கனி. பால்கனியில அஞ்சு தொட்டி. அந்த அஞ்சு தொட்டிக்கும் ஒரு மகாராணி, பேரு மனோன்மணி. ம் கொட்டு சாமி. நீ கொட்டலைன்னா மகாராணி அப்படியே நின்னுக்கிட்டு இருப்பா, பாவம், முட்டி வலிக்காரி.

என்னது, ராஜாவா? ராஜாவும் இருந்தாரு. சொக்கலிங்கம்னு பேரு. கரண்டு ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. மூணு வேளை காபி குடிக்கிறதும், நாலாவது வேளை கேட்டுத் திட்டு வாங்குறதும்தான் அவரோட ராஜாங்கம். அவங்களுக்கு ஒத்தைப் பொண்ணு, மீனலோசனி. மதுரைக்காரங்க பொண்ணுக்கு வேற என்ன பேரு வைப்பாங்க, சொல்லு.

அப்புறம், இந்த மனோன்மணிக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. விடிஞ்சா போதும், போனைத் தூக்கிக்கிட்டுப் பால்கனிக்குப் போவா. ஒரு தொட்டியில இட்லிப்பூ, ஒண்ணுல நந்தியாவட்டை, ஒண்ணுல செம்பருத்தி, ஒண்ணுல துளசி, ஒண்ணுல சங்குப்பூக் கொடி. முட்டி வலியைக் கூடப் பாக்காம மண்டி போட்டு உக்காந்து, மூச்சை அடக்கிக்கிட்டு, பூவையும் பூவுல உக்காந்த பூச்சியையும் கிளிக், கிளிக், கிளிக்னு படம் எடுப்பா. அடுப்புல பால் புஸ்ஸுன்னு பொங்கும். குக்கர் உஸ்ஸுன்னு கத்தும். "என்னங்க, அடுப்பைப் பாருங்க"ன்னு கூடச் சொல்ல மாட்டா. சொன்னா பூச்சி பறந்துருமே. பால் பொங்கினா துடைச்சுக்கலாம், பொறிவண்டு போனா திரும்பி வருமா?

அப்புறம் அந்தப் படத்தைச் சொந்தக்காரங்க எல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, கீழ "காலை வணக்கம்"னு எழுதுவா. ஒரு நாள் கும்பிடுபூச்சியைப் போட்டா. அது ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நின்னுச்சு. எல்லாரும், "அடடா, பூச்சிக்குக் கூட என்ன பக்தி"ன்னு எழுதினாங்க. அது கையைக் கூப்பினதே ஒரு ஈயைப் பிடிச்சுத் திங்கிறதுக்கு. படத்தைப் பெருசாக்கிப் பார்த்தா ஈயோட காலு தெரியும். யாரு பெருசாக்கிப் பார்த்தாங்க?

படம் எடுக்கும்போது மனோன்மணி ரொம்பக் கிட்டப் போயிருவா. ஏன்னா ஒரு அடி தள்ளி நின்னு எடுத்தா பின்னாடி என்ன தெரியும்? காயப் போட்ட லுங்கி தெரியும். காலி கேஸ் சிலிண்டர் தெரியும். கைப்பிடி உடைஞ்ச வாளி தெரியும். கிட்டப் போனா பூ மட்டும்தான். அதனால பாக்குறவங்களுக்கு அது அஞ்சு தொட்டின்னு தெரியலை. "மனோன்மணி தோட்டம் எவ்வளவு பெருசு"ன்னு ஒருத்தர் எழுதினாரு. "அதைப் பாத்துக்கவே நாலு ஆள் வேணுமே"ன்னு இன்னொருத்தர் எழுதினாரு. இவ பொய் சொன்னாளா? சொல்லவே இல்லை கண்ணு. சும்மா இருந்தா. பொய்யை எல்லாம் சொந்தக்காரங்களே சொல்லிக்கிட்டாங்க, இவ பதிலுக்குக் கும்பிடு பொம்மை ஒண்ணு போட்டா. பரமக்குடிச் சித்தி, "தோட்டம் எத்தனை சென்ட்டும்மா"ன்னு நேராவே கேட்டா. அதுக்கு இவ ஒரு தட்டான் படத்தை அனுப்பி வச்சா.

ம்? முழிச்சிருக்கியா? இனிமேதான் சங்கதியே இருக்கு.

அந்தக் குரூப்ல தேனிப் பக்கத்துல இருந்து பெரியநாயகின்னு ஒரு தூரத்துச் சொந்தம். மனோன்மணிக்கு மதினி முறை. தினமும் முதல் ஆளாப் படத்தைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறது அவதான். அவளுக்கு ஒரு மகன், திருமாறன். ஒரு நாள் பெரியநாயகி போன் போட்டா. "மதினி, பூச்சியைக் கூட விரட்டாம பாத்துக்கிற வீடு உங்க வீடு. அந்த வீட்டுப் பொண்ணு எனக்கு வேணும்"னா. ஜாதகம் பார்த்தாங்க, பொருந்துச்சு. பையனும் பொண்ணும் போன்ல பேசினாங்க, அதுவும் பொருந்துச்சு. எந்த அளவுக்குன்னா, மீனலோசனி போனுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சார்ஜ் போட வேண்டியதாப் போச்சு. அந்தப் பையனைத் தவிர வேற யாரும் வேணாம்னு அவ மனசுல முடிவே பண்ணிட்டா.

அப்போ பெரியநாயகி திரும்பவும் போன் போட்டா. "பொண்ணு பாக்க வாரோம் மதினி. வீட்டுக்குள்ள ஜமுக்காளம் எல்லாம் விரிக்காதீங்க. உங்க தோட்டத்துலயே வச்சுக்கலாம். நாங்க பதினஞ்சு பேரு வாரோம்."

மனோன்மணிக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பதினஞ்சு பேரை எங்க உக்கார வைப்பா? துளசித் தொட்டி மேலயா?

"உண்மையைச் சொல்லிரும்மா"ன்னா மீனலோசனி.

"சொன்னா இத்தனை நாளா ஏமாத்தினோம்னு சம்பந்தம் வேணாம்னுருவாங்கடி"ன்னா மனோன்மணி. அவளுக்கு உண்மையிலயே பயம்தான். தன்னோட பெருமையால வந்த மாப்பிள்ளை தன்னோட பெருமையாலயே போயிட்டா, மக முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு பயம்.

அதனால மூணு வேலை பண்ணினா.

முதல்ல கீழ் வீட்டு ஓனரம்மாகிட்ட போனா. "உங்க கொல்லைப்பக்கத்தை ஒரு நாளைக்குக் கொடுங்க"ன்னு கெஞ்சினா. அந்தம்மாவும் தாராளமா, "எடுத்துக்கோங்க"ன்னுட்டா. அங்க ஒரு முருங்கை மரம். மரம் பூராவும் கம்பளிப்பூச்சி. ஒத்திகை பாக்கலாம்னு மீனலோசனியை மரத்தடியில நிக்க வச்சாங்க. சொறி சொறி சொறி, ராத்திரி வரைக்கும் சொறி. பூச்சியை விரட்டாத வீடுன்னு பேரு வாங்கினவ மகளுக்கு வேப்பிலையை அரைச்சுப் பூசிக்கிட்டு உக்காந்திருந்தா.

ரெண்டாவதா நர்சரிக்குப் போனா. விசேஷத்துக்குத் தொட்டிச் செடி வாடகைக்குத் தரேன்னான் நர்சரிக்காரன். வண்டி நிறைய ரோசாவாக் கொண்டாந்து இறக்கினான். பால்கனி கமகமன்னு மணந்துச்சு. மறுநாள் காலையில சொக்கலிங்கம் ஆசையா ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினாரு. பொத்து. பொத்து. பொத்து. எல்லாச் செடியும் சாஞ்சுருச்சு. ஒண்ணுக்கும் வேரே இல்லை, வெட்டின கொம்பைச் சும்மா மண்ணுல சொருகி வச்சிருந்தான். "என்னடி, செடிக்கு வேர் வேணாமா?"ன்னாரு சொக்கலிங்கம். "வாடகைக்கு வேரும் கேப்பீங்களோ"ன்னு அவர் மேல எரிஞ்சு விழுந்தா.

மூணாவதா, இனிமே நேரம் இல்லை, அவங்க புறப்பட்டாச்சு. மண்டபத்துக்கு அலங்காரம் பண்றவன்கிட்ட இருந்து பிளாஸ்டிக் பூச்சரமா வாங்கியாந்து, கம்பியில கட்டு, கொடியில கட்டு, சிலிண்டர்லயும் கட்டு. தூரத்துல இருந்து பார்த்தா தேவலோகம். அப்போ ஒரு தேனீ ஞொய்ங்னு வந்துச்சு. ஒரு பிளாஸ்டிக் பூவுல உக்காந்துச்சு. நடந்து பார்த்துச்சு. அடுத்த பூவுக்குப் போச்சு. அப்புறம் கோவிச்சுக்கிட்டு ஞொய்ங்னு போயே போச்சு. தேனீக்கே தெரிஞ்சு போச்சே, வாரவங்களுக்குத் தெரியாதா? ம் கொட்டு சாமி.

வண்டி வந்து நின்னுச்சு. பெரியநாயகி பட்டுச்சேலை சரசரக்க மாடிப்படி ஏறி வந்தா. பின்னாடியே சொந்தபந்தம் எல்லாம். "காபி அப்புறம் மதினி, முதல்ல தோட்டம்"னா. மனோன்மணி வேற வழியில்லாமப் பால்கனிக் கதவைத் திறந்தா.

பெரியநாயகி ஒரு ரோசாவைக் குனிஞ்சு மோந்து பார்த்தா. இன்னொரு தடவை மோந்து பார்த்தா. அப்புறம் நகத்தால ஒரு சுண்டு சுண்டினா. டொக்.

அந்தச் சத்தம் கேட்டு எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க. மீனலோசனி காபித் தட்டோட கதவுகிட்ட வந்து நின்னா. மனோன்மணிகிட்ட ஒரு பொய் தயாரா இருந்துச்சு, தோட்டம் ஊர்ல இருக்கு, இது சும்மா வீட்டுக்குன்னு. சொக்கலிங்கம்தான் சொல்லிக் கொடுத்திருந்தாரு. வாயைத் திறந்தா. ஆனா மக முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரலை.

"இவ்வளவுதான் மதினி. அஞ்சு தொட்டிதான். மத்தது எல்லாம் பிளாஸ்டிக். தோட்டம்னு நீங்கள்லாம் சொன்னீங்க, நான் இல்லைன்னு சொல்லலை. அது என் தப்புதான். பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது."

 பெரியநாயகி பட்டுச்சேலையோட அந்த ஈரத் தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டா. நந்தியாவட்டை இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தா. "இதுல ஒரு பச்சைப் புழு இருந்துச்சே, வாலுல கொம்பு வச்சுக்கிட்டு?"ன்னா.

"அது அந்துப்பூச்சியாகிப் பறந்து போச்சு மதினி."

"இந்தச் சங்குப்பூவுல ஒரு எட்டுக்கால் பூச்சி, மஞ்சள் கலர்ல?"

"கொடிக்கு அடியில இருக்கு."

குனிஞ்சு பார்த்தா. இருந்துச்சு. அப்போ பெரியநாயகி கண்ணு கலங்கிருச்சு. "எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் எட்டு ஏக்கர் மதினி. எங்க வீட்டுக்காரரு வாரத்துக்கு ரெண்டு தடவை மருந்து அடிக்கிறாரு. வீட்டைச் சுத்திப் பூவா இருக்கு, ஒரு ஈ வந்து உக்காராது. காலையில உங்க படத்தைப் பாத்தாத்தான் உசுருள்ள ஒண்ணைப் பாத்த மாதிரி இருக்கு"ன்னா. பாத்தியா, எட்டு ஏக்கர்க்காரி அஞ்சு தொட்டிக்காரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்திருக்கா. அக்கரைக்கு இக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாங்க.

அப்புறம் பெரியநாயகி எந்திரிச்சு, "பொண்ணு பிடிச்சிருக்கு. சீர்னு ஒண்ணும் வேணாம்"னா. மனோன்மணிக்கு உசுரு வந்துச்சு. "ஒண்ணே ஒண்ணு மட்டும். இந்த அஞ்சு தொட்டியும் வேணும். பூச்சியோட. முன்வாசல்ல வச்சுக்குவேன். அந்தப் பக்கம் மருந்துக் குழாயைத் திருப்பினா அவரு கையை உடைச்சுருவேன்."

வந்த உசுரு திரும்பப் போயிருச்சு. நகை கேட்டிருந்தா யோசிக்காம ஒத்துக்கிட்டிருப்பா. தொட்டியைக் கேட்டதும் அஞ்சையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தா. ஆனாலும், "சரி மதினி. அப்புறமா ஒரு லோடு ஆட்டோவுல அனுப்பி வைக்கிறேன்"னு மெல்லச் சொன்னா.

"ஆட்டோவுலயா? சீரை யாராவது அப்படித் திருட்டுத்தனமா அனுப்புவாங்களா? மேளதாளத்தோட தட்டு வரிசையில முன்னாடி வரணும்"னா பெரியநாயகி.

மேளதாளத்தோடன்னா என்ன அர்த்தம்? குரூப்ல இருக்கிற அத்தனை பேரும் மண்டபத்துல இருப்பாங்க. அத்தனை பேருக்கும் தோட்டம்னா எவ்வளவுன்னு தெரிஞ்சுரும்னு அர்த்தம். மீனலோசனி அம்மா காதுல, "உனக்கு அவமானமா இருந்தா வேணாம்னு சொல்லிரும்மா, பரவாயில்லை"ன்னா. பரவாயில்லைன்னு வாய்தான் சொல்லுச்சு, கண்ணு ரெண்டும் குளமா நின்னுச்சு. மனோன்மணி அதைப் பார்த்தா. "மேளத்துக்கு நாங்களே சொல்லிர்றோம் மதினி"ன்னா.

கல்யாண நாளும் வந்துச்சு. பீ பீ பீ, டும் டும் டும். சீர் வரிசை வருது. பழத் தட்டு வந்துச்சு, பட்டுத் தட்டு வந்துச்சு, வெத்தலை பாக்குத் தட்டு வந்துச்சு. அப்புறம் அத்தைமாரு ஆளுக்கு ஒண்ணா இடுப்புல தூக்கிக்கிட்டு அஞ்சு தொட்டி வந்துச்சு. பரமக்குடிச் சித்தி எட்டிப் பார்த்துட்டு, "மிச்சத் தோட்டம் பின்னாடி வருதாம்மா?"ன்னா.

"மிச்சம் இல்லை சித்தி. இதுதான்"னா மனோன்மணி.

அவ்வளவுதான், குசுகுசு குசுகுசுன்னு மண்டபம் பூராவும் பேச்சு. சித்தப்பா ஒருத்தர் போனை எடுத்துப் பழைய படத்தை எல்லாம் தொட்டி பக்கத்துல வச்சு ஒத்துப் பார்த்தாரு, ஜாதகம் பாக்குற மாதிரி. கும்பிடுபூச்சி மட்டும் தொட்டியில இருந்து இறங்கி, பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்துல நின்னு வாரவங்களை எல்லாம் கும்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்களே அவ்வளவு மரியாதையா வரவேத்திருக்க மாட்டாங்க. கெட்டிமேளம் கொட்டுச்சு. மனோன்மணி ஓடினா, ஆடினா, பந்தியைப் பார்த்தா, பாயசம் போதலைன்னு சத்தம் போட்டா. பொண்ணு வண்டி ஏறும்போது கூட அழலை. "தொட்டி சாயாமப் பாத்துக்கோங்க"ன்னு டிரைவர்கிட்டதான் சொல்லிக்கிட்டு இருந்தா.

மறுநாள் விடிஞ்சுது. பழக்க தோசம், போனை எடுத்துக்கிட்டுப் பால்கனிக்குப் போனா. தரையில தொட்டி இருந்த இடத்துல வட்ட வட்டமாக் கறை. ஒரே ஒரு கட்டெறும்பு ஒரு வட்டத்தைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. வீட்டைக் காணோமேன்னு தேடுச்சோ என்னவோ. மனோன்மணி அதைப் படம் எடுக்கலை. அப்படியே உக்காந்து ஓன்னு அழுதா.

சொக்கலிங்கம் பதறிக்கிட்டு ஓடி வந்தாரு. "என்னடி, என்னாச்சு?"

"தொட்டி போச்சுங்க."

"இதுக்குப் போயா இப்படி அழுவ? இன்னைக்கே நர்சரிக்குப் போவோம். அஞ்சு என்ன, அம்பது தொட்டி வாங்கித் தாரேன்."

"செடிக்குத் தண்ணி ஊத்துறேன்னு காலங்காத்தால என் காலை நனைச்சுட்டு ஓடுவாளே, அவளை எந்த நர்சரியில வாங்கித் தருவீங்க?"

 சொக்கலிங்கமும் அந்தத் தரையிலயே பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. அன்னைக்குக் குரூப்ல காலை வணக்கமே வரலை.

ம்? சத்தத்தையே காணோம். சரி, கதை தீந்துருச்சு, கட்டெறும்பும் வேற வீடு பாத்துப் போயிருச்சு. நீயும் கண்ணை மூடித் தூங்கு சாமி.